அரைநாள் சங்கீதம்

செம்பரம்பாக்கம் ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரே சொல்லிவிடுவார். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அதிகாரிகள் அளவெடுத்து அளவெடுத்துச் செய்திக்குக் கொடுப்பார்கள். சரி, ஏரியைச் சுற்றியிருக்கிற அரசுப் பள்ளிகளில் பாட்டு டீச்சர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். "பாட்டு டீச்சரா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

2017ஐ நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த ஆண்டுதான் யுனெஸ்கோ சென்னையை இசை நகரம் என்று தன் பட்டியலில் சேர்த்தது. பெருமை தாங்காமல் ஊரே பூரித்தது. அதே ஆண்டுதான் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுப் பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியர் வேண்டும் என்று அறிவிப்பு வெளியிட்டது. மொத்தம் 1,325 இடம். அதில் இசைக்கு 86. சென்னைக்கு 86 இல்லை ஐயா, தமிழ்நாடு முழுவதற்கும் 86! மாவட்டத்துக்கு மூன்று பேர்கூடத் தேறாது. சென்னைக்கான குடிநீர் எங்கள் ஏரியிலிருந்து குழாயில் போகிறது. பட்டம் வாங்கிய இசை மட்டும் மாநகராட்சி எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வர மறுக்கிறது.

அதற்கு முன்பே ஒரு வள்ளல்தனம் நடந்திருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரமாகவாவது ஆள் போடு என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அந்த 'வாவது'வை அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 2012இல் 16,549 பேரை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், தோட்டக்கலை என்ற கூட்டத்தில் இசையும் ஒரு மூலையில் நின்றது. மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. மே மாதம் சம்பளம் தரவில்லை. கோடையில் பாட்டு வாத்தியாருக்குப் பசிக்காது என்று நிதித்துறை எப்படியோ கண்டுபிடித்திருந்தது.

2021இல் தி.மு.க. தேர்தல் அறிக்கையில் 181ஆவது வாக்குறுதி, இந்தப் பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரம். 2023இல் இவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது, அதற்குள் 10,000 ஆகியிருந்த சம்பளத்தில் கிடைத்தது 2,500 ரூபாய் உயர்வு, ஆக 12,500. அரைநாள் கூலிக்கு எடுத்தது ஒரு கட்சி, நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்தது இன்னொரு கட்சி. சுருதி மட்டும் இரண்டுக்கும் ஒன்று. டெல்லி சும்மா இருக்குமா? பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி, நம் பள்ளிக் கல்விக்கு 2024-25க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை முடக்கிவைத்தது.

இத்தனைக்கும் நடுவே ஒரு பாட்டு டீச்சர் பள்ளிக்கு வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். காலை பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்து, அதிகாரி வந்தால் வரவேற்புப் பாட்டு, ஆண்டு விழாவுக்கு டான்ஸ், ஆள் வராத வகுப்புக்குக் காவல். மிச்ச நேரம் இருந்தால் சரளி வரிசை.

ஏரிக்கு அந்தப் பக்கம் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். மாடு மேய்த்த ஆனாயர், குழல் ஊதியதற்காகவே நாயனார் ஆனதைப் பெரியபுராணத்தில் விரித்துப் பாடியவர் அவர். அந்தக் குழலைக் கேட்டுச் சிவபெருமான் நேரில் வந்தாராம். இன்றைக்கு ஆனாயர் வகுப்பில் குழலை எடுத்தால் கணக்கு சார்தான் நேரில் வருவார்: "போர்ஷன் முடியல, இந்தப் பீரியட மட்டும் குடுங்க சார்."

கணக்கு சாரைக் குறை சொல்ல மாட்டேன். அவரைத் தேர்ச்சி விகிதம் விரட்டுகிறது. பாட்டுக்குத் தேர்ச்சியும் இல்லை, விகிதமும் இல்லை. ஆனால் பாடமாக வைக்கவே முடியாத சங்கதியா இது? யாழ்ப்பாணத்துப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எழுதுகிறது. நம் ஊரிலேயே சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் கர்நாடக இசை உண்டு: ஏட்டுக்கு 30, பாடிக் காட்ட 70. கையில் காசிருந்தால் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குப் பிள்ளையைக் கீபோர்டு வகுப்பில் சேர்க்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் இசை என்றால் அரசு தன் கையைப் பிசைகிறது.

குற்றம் சொன்னால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைத் திருவிழாவைக் காட்டுவார்கள். 2022-23இலிருந்து நடக்கிறது, நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஜெயித்த பிள்ளைகளுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். மேடை, விளக்கு, மந்திரி, படம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அப்பாவின் போனில் யூடியூபைப் பார்த்துப் பாடிப் பழகிய பிள்ளையும் அதே மேடையில்தான் நிற்கும். வாத்தியாரைக் கொடுக்காதவர்கள் கோப்பையைக் கொடுக்க வெட்கமில்லாமல் வரிசையில் நிற்பார்கள்.

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதும் வீட்டில் சொல்வார்கள்: "பாடினதெல்லாம் போதும், போய்ப் படி." பெற்றவர்களைத் திட்டி என்ன பயன்? ஐந்து பாடம், 500 மதிப்பெண். அதில் பாட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று அச்சடித்துக் கொடுத்ததே அரசுதான்.