கண் சிமிட்டச் சொன்ன அய்யாவுக்கு

தரத்தின் காவலரே, அங்கன்வாடிகளின் விடிவெள்ளியே, பெருமதிப்பிற்குரிய அய்யா,

நேற்று இரவு வாட்ஸ்அப் குழுவில் தாங்கள் போட்ட மையங்களின் தரவரிசைப் பட்டியலைக் கண்டு புல்லரித்துப் போனேன். கடைசி வரியில், சிவப்பு எழுத்தில், என் மையம். எதிரே 'மிக மோசம். விளக்கம் தேவை'. அதற்குக் கீழே மற்ற டீச்சர்கள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மகள், "அம்மா, நீ ஃபெயிலா?" என்றாள்.

நான் செய்த குற்றம், சத்துமாவு வாங்க வந்த தாய்மாரின் முகம் செல்போன் செயலியில் பொருந்தாமல் போனது. கண் சிமிட்டச் சொன்னேன், சிமிட்டினார்கள். போன் ஏற்கவில்லை. கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்க விழித்தவள் இமையை மூடினால் அது திறக்கக் கொஞ்சம் நேரமாகிறது. இது சிமிட்டல் இல்லை, தூக்கம் என்று செயலி கண்டுபிடித்துவிட்டது போலும். என்ன கூர்மை! ஆதார் படமோ அவள் கல்யாணத்துக்கு முன் எடுத்தது. ஓடிபி, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கும் புருஷனுடைய போனுக்குப் போகிறது. அவர் டீ நேரத்தில் எடுத்துப் பார்த்து எண்ணைச் சொல்வதற்குள் அதற்குக் காலம் முடிந்துவிடுகிறது. 2025 ஜூலை முதல் முகம் காட்டினால்தான் மாவு என்று நாடு முழுக்க விதி செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

ஆள் உயிரோடுதான் நிற்கிறாரா, படத்தைக் காட்டி ஏமாற்றுகிறாரா என்று அறியவே இந்தச் சிமிட்டல் என்று பயிற்சியில் விளக்கினீர்கள். அருமையான சோதனை. நானும் சில இடங்களில் அதைப் போட்டுப் பார்த்தேன். எங்களுக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். 2018 அக்டோபரில் கண் விழித்த அந்தத் தொகை அதற்குப் பிறகு இமைக்கவே இல்லை. மாநிலம் தன் பங்குக்குச் சேர்த்துத் தருவதால் நாங்கள் இமைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கன்வாடிப் பெண்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று குஜராத் வழக்கொன்றில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, எனக்கு எப்போது என்று அலுவலகத்தில் கேட்டேன். கண் சிமிட்டாமல் என்னையே பார்த்தார்கள். கடைசியாக, எங்கள் மையத்தில் உதவியாளர் உட்கார வேண்டிய காலி நாற்காலிக்கு முன்னால் போனை நீட்டினேன். முகம் இல்லை என்றது. இந்தச் செயலி என்னிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

உதவியாளர் இல்லாததால் அடுப்பு என்னுடையது. முட்டை உரிப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது, பாட்டு, எடை பார்ப்பது, இடையில் வாக்காளர் பட்டியல் வேலை, எல்லாம் என்னுடையது. 1975இல் திட்டம் தொடங்கியபோது ஆறு சேவைகள் என்றார்கள். ஏழாவது, போனுக்கு முன்னால் பெண்களை வெயிலில் நிறுத்தும் சேவை. தங்கள் பட்டியலில் மதிப்பெண் இருப்பது இந்த ஏழாவதற்கு மட்டும்.

பிள்ளைகளின் எடை ஏறியதா என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லையே, அய்யா! பால் கொடுக்கிறவளை முகம் பொருந்தவில்லை என்று வெறுங்கையோடு அனுப்புவதுதான் தரமா? மாவுப் பாக்கெட்டுகள் என் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. அவள் திருடியைப் போலத் தலை குனிந்து நின்றாள். இந்த ஊரில் யார் பெற்றவள், யார் சுமக்கிறவள் என்று வீடு வீடாகப் போய் எழுதிவைத்திருப்பவள் நான். என் கண்ணை நம்பாமல் அரைகுறை சிக்னலை நம்புகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். அடுப்புச் சூட்டில் வாய் தவறிவிட்டது. தங்கள் கருணையால்தான் இந்த மையத்தில் ஈயும் கண் சிமிட்டிவிட்டு உள்ளே வருகிறது.

தாங்கள் கேட்ட விளக்கம் இவ்வளவுதான். உதவியாளர் பணியிடத்தை நிரப்புங்கள். முகம் பொருந்தாத அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு மாவைக் கொடுக்க எழுத்தில் உத்தரவு தாருங்கள். ஒருநாள் காலை பத்து மணிக்கு நேரில் வந்து எடைப் பதிவேட்டைப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் கோலம் போட இங்கே ஆளில்லை.

இப்படிக்கு,
பட்டியலின் கடைசி வரி