இரட்டை ஆம்ப்ளிஃபையர் இயல்: தில்லை, கடலூர் வட்டார ஆய்வு

ஸ்பீக்கரைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் பவணந்தி முனிவரை வணங்குவது முறை. வல்லினம் நெஞ்சில், இடையினம் கழுத்தில், மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று நன்னூலில் பகுத்தவர் அவர். வூஃபர், மிட்ரேஞ்ச், ட்வீட்டர் என்று மேலைநாட்டார் பின்னாளில் பெட்டிக்குள் அடைத்தது இதையேதான் என்று நிறுவலாம். இடம் போதாமையால் நிறுவப்பட்டதாகவே கொள்க.

ஸ்பீக்கர் சாது, முரடு என இருவகைப்படும். சாதுவுக்கு எடுத்துக்காட்டு, போலீஸ் தடுத்தும் திருவிழாவில் தலைகாட்டும் கூம்புக் குழாய். ஒரு வாட் ஊட்டினால் 100 டெசிபலைத் தாண்டிக் கத்தித் தெருவையே எழுப்பிவிடும். முரடு என்பது வீட்டுக் கூடத்தில் விலையுயர்ந்த மரப்பெட்டிக்குள் குடியிருப்பது. அதே ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 83 டெசிபல் முனகும். 93 வேண்டுமென்றால் 10 வாட். 103 வேண்டுமென்றால் 100 வாட். அதோடு விட்டதா? முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும். சில சுருதிகளில் சொல்லாமல் கொள்ளாமல் 3 ஓமுக்கு இறங்கும். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளி கூடுதல் கரண்ட் கொட்ட வேண்டும். 1980களில் அமெரிக்காவில் வந்த அப்போஜீ சின்டில்லா, 1 ஓம் இணைப்பில், பேர்பெற்ற ஆம்ப்ளிஃபையர்களையே கைகூப்ப வைத்தது.

முரட்டுக்கு மருந்து சிதம்பரத்தில் இருக்கிறது. கோயிலில் நடராஜர் தெற்கு பார்த்து ஆடுகிறார். அருகிலேயே கோவிந்தராஜப் பெருமாள் கிழக்கு பார்த்துப் பள்ளிகொண்டிருக்கிறார். ஓரிடத்தில் நின்றால் இருவரையும் சேவிக்கலாம். சன்னிதி வேறு, பூஜை வேறு, கோயில் ஒன்று. இரட்டை ஆம்ப்ளிஃபையர் முறையும் இதுவே: வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று, பெட்டி ஒன்று. இதில் வூஃபர் யார் என்ற ஆராய்ச்சியைச் சைவ வைணவ அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

எந்த இரண்டு என்பதில் கொள்கைகள் இரண்டு. வசதிக்காகக் கீழவீதிக் கொள்கை, மஞ்சக்குப்பக் கொள்கை என்று நாமே பெயரிடுவோம். முன்னது, ஒரே மாடலில் இரண்டு வாங்கு என்கிறது. பின்னது, பேஸுக்கு டிரான்சிஸ்டர், மேல்சுருதிக்கு வால்வு என்கிறது. பின்னது கேட்க இனிப்பானது. ஆனால் கெயின், அதாவது பெருக்கும் அளவு, இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறது. 3 டெசிபல் பிசகினால் போதும். சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரல் தகரமாகும், அல்லது தவில் அவரை விழுங்கும். கெயினைக் குறைக்கத் திருகு வைத்த ஆம்ப்ளி வாங்கியிருந்தால் மட்டும் மஞ்சக்குப்பத்தாரை மன்னிக்கலாம்.

கடலூருக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. முதுநகர் உப்புக்காற்றில் செம்பு வயரெல்லாம் பச்சை பூக்கும். இணைப்புகள் இரட்டித்தால் துடைக்கும் வேலையும் இரட்டிக்கும். 1962 முதல் இதே மாவட்டத்து நெய்வேலியில் அனல்மின்சாரம் உற்பத்தியாகிறது. ஏசிகள் ஓடும் மே மாத இரவில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தச் செய்தி எட்டுவதில்லை. ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் அச்சிட்ட பெட்டிகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை, அவை புனைவிலக்கியம்.

இனி முடிபு. பெட்டிக்குள் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரை நீக்கிவிட்டு, ஆம்ப்ளிக்கு முன்னால் எலக்ட்ரானிக் கிராஸ்ஓவர் வைப்பவருக்கே இரட்டை முறையின் முழுப் பலன். மற்றவர்கள் இரண்டின் விலைக்கு, 2 ஓம் சுமையிலும் அசராத ஒன்றை வாங்குவது மேல். மீறி இரண்டு வாங்குவோருக்கு ஒரு விண்ணப்பம்: ஸ்பீக்கரின் பின்னால் மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் இணைக்கும் தகடுகளைக் கழற்றிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். கழற்றாவிட்டால் இரண்டு ஆம்ப்ளியும் ஒன்றோடொன்று முட்டிப் புகையும். அந்தப் புகைக்கு வாரண்டி கிடையாது.