யானையும் சிலந்தியும் எழுதிய பக்கம்

யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்றால் விக்கிப்பீடியாவை எப்படி நம்புவது?
— கொண்டையம்பேட்டை வாசகர்

யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியது நிற்க வேண்டுமே! ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியில் நேரத்தோடு பதிவாகிறது. விஷமி அரை மணி நேரம் கெடுத்ததை இரண்டு சொடுக்கில் மீட்கலாம். 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியா இந்தப் பலத்தில்தான் நிற்கிறது.

சர் சி.வி.ராமன் பிறந்தது எங்கள் திருவானைக்காவலில். நாளை யாராவது ஊரை மாற்றி எழுதிவிட்டால்?
— திருவானைக்காவல் வாசகி

முதலில் மீளமையுங்கள், பிறகு கோபப்படுங்கள். 1888 நவம்பர் 7 என்ற தேதிக்கும் ஊருக்கும் நல்ல நூல் ஒன்றைச் சான்றாக இணையுங்கள். பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அடுத்த மாற்றம் உங்கள் கண்ணில் படும்.

பேசாமல் எல்லாப் பக்கத்தையும் பூட்டிவிட்டால் என்ன?
— உறையூர் வாசகர்

பூட்டு உண்டு, தேவைப்படும் பக்கத்துக்கு, தேவைப்படும் நாள்வரை. 2022 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியக் கிரிக்கெட் வீரர் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சை விட்டார். உடனே ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைக் காலிஸ்தானோடு முடிச்சுப் போட்டார்கள். தன்னார்வலர்கள் அதை நீக்கினார்கள்; புதியவர்கள் தொட முடியாதபடி நிருவாகிகள் பக்கத்துக்குக் காப்புப் போட்டார்கள். அங்கே இந்த அரைக் காப்பைத் தாண்ட, 4 நாள் பழைய கணக்கும் 10 தொகுப்புகளும் போதும். எல்லாவற்றையும் பூட்டினால் பிழை திருத்த வரும் தமிழாசிரியரும் வாசலிலேயே திரும்பிப் போவார்.

அப்படியானால் நிருவாகிதான் முதலாளியா?
— தில்லைநகர் வாசகர்

இல்லை. பக்கத்தை நீக்கலாம், காப்பிடலாம், விஷமியைத் தடுக்கலாம். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அதற்குச் சான்றுதான் வேண்டும்.

நான் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டே இருக்கிறார். அவரும் விஷமிதானே?
— ஸ்ரீரங்கம் வாசகி

அவசரப்படாதீர்கள். ஆற்றங்கரையில் உங்களுக்கு அடுத்த திருவானைக்காவல் கோயிலின் தலபுராணத்தைப் பாருங்கள். லிங்கத்தின்மேல் சருகு விழாமலிருக்கச் சிலந்தி வலை பின்னியது. யானை அதைக் குப்பை என்று கலைத்தது. இரண்டுமே பக்தியில்தான் செய்தன, இரண்டுமே மாண்டன. பேசித் தீர்க்க அவற்றுக்கு இடமில்லை. உங்களுக்கு ‘உரையாடல்’ பக்கம் இருக்கிறது. அங்கே காரணம் கேளுங்கள், சான்றைக் காட்டுங்கள். பதில் சொல்லாமல் கெடுத்துக்கொண்டே இருப்பவரை நிருவாகி பார்த்துக்கொள்வார். காரணம் சொல்லி வாதாடுபவரை விட்டுவிடாதீர்கள்: நாளை உங்கள் பக்கத்துக்குக் காவல் இருக்கப்போவது அவர்தான்.