சிஸ்டம் தெரிந்த சித்தப்பா

ஒவ்வொரு குடும்பத்திலும் ஜாதகம் பார்க்க ஒருவர், பத்திரம் படித்துச் சொல்ல ஒருவர், பந்தி விசாரிக்க ஒருவர் என்று இலாகா பிரித்து வைத்திருப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் என்று ஓர் இலாகா புதிதாக முளைத்தபோது எங்கள் வீட்டில் அதற்குப் போட்டியே இல்லை. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் மூன்றையும் படித்து, சான்றிதழை ஃபிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஒரே ஆள் சித்தப்பாதான். உங்கள் வீட்டில் இவர் மாமாவாக இருக்கலாம், ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்கலாம். ஆள்தான் வேறு, வாக்கு ஒன்றுதான்.

"ஸ்லோவா இருக்கா? வைரஸ்தான்."

கீபோர்டில் 'ஏ' விழவில்லை என்றாலும் வைரஸ்தான். (கவிழ்த்துத் தட்டினால் மிக்சர் கொட்டும்.) பிரிண்டர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டாலும் வைரஸ்தான். ஒரு தடவை மவுஸ் வயரை நிஜமாகவே எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, "எதுக்கும் உள்ளயும் ஒரு தடவை பாத்துடலாம்" என்றார்.

அவர் பார்க்க வருவதே ஒரு வைபவம். கையில் ரெக்சின் பை. அதற்குள் ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்ட ஒரு பெயிண்ட் பிரஷ், மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய சிடிக்கள். ஒன்றில் 'எக்ஸ்பி – நல்லது' என்று இருக்கும். இன்னொன்றில் 'எக்ஸ்பி – பரவாயில்லை'. உட்கார்ந்ததும் "அண்ணி, ஒரு காபி" என்பார். பிறகு டெஸ்க்டாப்பில் வலப்பக்கப் பட்டனை அழுத்தி ரிஃப்ரெஷ். மறுபடி ரிஃப்ரெஷ். மறுபடியும். ஐகான்கள் ஒரு கணம் மறைந்து திரும்பி வரும்போதெல்லாம் தலையை லேசாக ஆட்டுவார், நாடி பேசுகிறது என்கிற பாவனையில். ரிஃப்ரெஷ் என்பது திரையில் இருக்கிற ஐகான்களை மறுபடி வரைந்து காட்டுமே தவிர, மிஷினுக்கு ஒரு சொட்டுத் தெம்பும் தராது. இதை அவரிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்? காபி வரும்வரை அவருக்கும் ஒரு வேலை வேண்டாமா?

காபி குடித்து முடித்ததும் தீர்ப்பு. "ஃபார்மட் போட்டாத்தான் சரிவரும்."

நடுவில் சரித்திரமும் உண்டு. 1986-இல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். பாசித், அம்ஜத் என்று இரண்டு பேர். தங்கள் சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி எடுக்கிறார்களே என்ற கோபத்தில் செய்த காரியம் என்று அவர்களே பின்னால் சொன்னார்கள். ஃபிளாப்பியின் பூட் செக்டரில் போய் உட்காரும் அந்த வைரஸுக்குள் தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். சித்தப்பாவை உருக்குவது இந்த இடம்தான். "விலாசம் குடுத்துட்டு வைரஸ் விட்டானுங்கடா. இப்ப வர்றவனுங்களுக்கு அந்த மரியாதை இருக்கா?"

ஏப்ரல் 26 என்ற தேதியும் அவருக்கு மனப்பாடம். தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஹெச் வைரஸ், செர்னோபில் என்று ஊர் வைத்த பெயர், 1999-இல் அந்தத் தேதிக்காகப் பல நாட்டு மிஷின்களில் காத்திருந்தது. ஹார்டு டிஸ்க்கின் முன்பகுதியை அழிப்பதோடு, சில மதர்போர்டுகளின் பயாஸ் சிப்பையும் கெடுத்து, பெட்டியை ஆன் ஆகாத பெட்டியாக்கிவிடும். சித்தப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். நாள்காட்டியில் அந்தத் திங்கட்கிழமையைச் சிவப்பு மையால் சுழித்து 'சந்திராஷ்டமம்' என்று எழுதினார். சனிக்கிழமை மாலையே கம்ப்யூட்டரின் தேதியை 27 என்று மாற்றி வைத்துவிட்டார். உபாயம் சரியானதுதான், விவரம் தெரிந்தவர்களே சொன்ன உபாயம். ஆனால் திரும்ப மாற்ற மறந்துபோனார். அந்த வருஷத் தணிக்கைக்கு வந்தவர், ஏப்ரல் 26 அன்று அந்த அலுவலகத்தில் ஏன் ஒரு ரசீதுகூடப் போடவில்லை என்று கேட்டு வாங்கிய விளக்கம் இன்னும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும்.

அடுத்த வருஷம் மே 4-ஆம் தேதி மணிலாவிலிருந்து கிளம்பியது 'ஐ லவ் யூ'. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்புக்கு இரட்டை வால்: முதலில் டெக்ஸ்ட் என்று ஒரு வால், அதற்குப் பின்னால் நிஜ வால். தெரிந்த வகைக் கோப்புகளின் கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால், பார்ப்பவருக்கு அது வெறும் கடிதம். திறந்தால் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் பெயரில் காதல் போய்விடும். எழுதியவரைப் பிடித்தார்கள், பிலிப்பைன்ஸில் அப்போது அதற்குச் சட்டமே இல்லாததால் விட்டுவிட்டார்கள். சித்தப்பா அந்த வாரம் முழுக்க பிரவுசிங் சென்டருக்குப் போய், மெயிலைத் திறந்து, "எனக்கு ஒண்ணும் வரல" என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆன்டிவைரஸ் மகிமை என்பது அவர் எண்ணம். சித்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இவருக்கு எவ அனுப்பப் போறா."

ஆனால் எங்கள் குடும்பத்தில் பெரிய அளவில் பரவிய வைரஸ் எது என்று கேட்டால், 2002-இல் வந்த கரடிதான். உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு மின்னஞ்சல். 'உங்கள் கம்ப்யூட்டரில் இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதற்குக் குட்டிக் கரடி ஐகான். அது வைரஸ். பதினான்கு நாள் சும்மா இருந்துவிட்டு வேலையைக் காட்டும். எந்த ஆன்டிவைரஸும் கண்டுபிடிக்காது. உடனே அழியுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள்.' தேடினால் கரடி இருந்தது! இருக்காமல் என்ன செய்யும்? அது அந்நாளைய விண்டோஸோடு கூடவே வரும் கோப்பு. ஜாவா நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் பயன்படும். வைரஸ் என்று எதுவுமே கிடையாது. அந்தக் கடிதம் மட்டும்தான்.

சித்தப்பா கடிதத்தோடு நிற்கவில்லை. ராத்திரி கட்டணம் குறையும்வரை காத்திருந்து எஸ்டிடி போட்டார். கோப்பின் பெயர் வாயில் நுழையாது என்பதால் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. "ஜே ஃபார் ஜப்பான்... டி ஃபார் டெல்லி... பி ஃபார் பாம்பே... ஜி ஃபார் கோவா... அதுக்கப்புறம் ஈஸிதான், எம்.ஜி.ஆர்." நிஜமாகவே அந்தப் பெயர் அப்படித்தான் முடியும். சேலத்தில், ஓசூரில், திருச்சியில் கரடிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. மதுரைப் பெரியப்பா மட்டும், "தலைவர் பேர்ல இருக்கறதை நான் அழிக்கமாட்டேன், நீ போனை வை" என்று சொல்லிவிட்டார். குடும்பத்தில் அவர் கம்ப்யூட்டர் ஒன்றுதான் அன்று தப்பியது. மற்றவர்களுக்கும் நட்டம் ஒன்றுமில்லை, எங்கள் பரம்பரையில் ஜாவா எழுதியவர் யாரும் இல்லாததால். டெலிபோன் பில்லைப் பார்த்துச் சித்தி பேசியதை இங்கே எழுத முடியாது.

பென் டிரைவ் வந்ததும் சித்தப்பாவின் பொற்காலம் தொடங்கியது. சாவிக்கொத்தில் பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் பென் டிரைவ். அதில் ஆன்டிவைரஸ் இருந்தது. கூடவே ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் இருந்ததும் இருந்தது. சித்தப்பா ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க அங்கே செருகி, வாங்கிக்கொண்டு, அத்தை வீட்டில் செருகி, பிறகு எங்கள் வீட்டில் செருகுவார். அந்தக் காலத்து விண்டோஸில் ஆட்டோரன் என்று ஒரு வசதி: டிரைவைத் திறக்கும்போதே அதில் இருக்கும் நிரலைத் தானாகவே ஓட்டிவிடும். ஃபோல்டருக்கு உரிய மஞ்சள் படத்தை மாட்டிக்கொண்டு 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று நிற்கும்; தட்டினால் அது எக்ஸி. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவுக்கு இந்த வசதியை அடைத்தது. அதுவரை சித்தப்பா போன வீடெல்லாம் அதே நோய். அவரே கொண்டுவந்து இறக்குவார், அவரே கண்டுபிடிப்பார். "நான் மட்டும் இன்னிக்கி வரலேன்னா என்ன ஆயிருக்கும்?" என்பார். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அம்மா இன்னொரு காபி கொடுப்பாள்.

அப்படி வந்தவற்றில் ஒன்றை எங்கள் அப்பா வெளியே விட மறுத்தார். 2007 வாக்கில் பென் டிரைவ் வழியாக ஊரெல்லாம் சுற்றிய வைரஸ் அது. ஆர்குட் என்ற அந்நாளைய நட்பு வலைத்தளத்தைத் திறந்தால் 'ஆர்குட் தடை செய்யப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து, கூடவே ஒரு வில்லன் சிரிப்பும் எழுத்தில் வரும். யூடியூபுக்கும் தடை. தங்கை அழுதாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். "இது நல்ல வைரஸாத்தானே தெரியுது? பப்ளிக் பரீட்சை முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்."

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவது சித்தப்பாவின் கொள்கைக்கு விரோதம். சென்னையிலிருந்தே கே7, புனேயிலிருந்து குயிக் ஹீல் என்று நம் நாட்டுச் சரக்கே கடையில் பெட்டியாகக் கிடைத்த காலம். "நம்மாளுங்க பண்றதுடா" என்று பெருமைப்படுவார், பெட்டியைத் தொடமாட்டார். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு ஆன்டிவைரஸை இறக்கி, அதற்குக் கள்ளச்சாவி செய்யும் கீஜென் என்ற நிரலையும் கொண்டுவருவார். அதைத் திறந்தால் கீச்கீச்சென்று ஒரு மெட்டு பாடும். பாட்டிகூட அதற்குத் தாளம் போடுவாள். கூடவே வரும் குறிப்பில் முதல் கட்டளை: 'இதை ஓட்டும் முன் உங்கள் ஆன்டிவைரஸை அணைத்து வைக்கவும்.' சித்தப்பா சிரத்தையாக அணைத்து வைத்தார். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இன்னொன்றையும் ஏற்றினார். ஒரே அடுக்களையில் இரண்டு சம்பந்தியம்மாக்களை விட்டது மாதிரி ஆயிற்று. இது தொடும் கோப்பையெல்லாம் அது சந்தேகப்பட்டுத் திறந்து பார்க்கும், அது தொட்டதை இது. பேயிண்ட்டைத் தட்டிவிட்டுப் பல் தேய்த்து வந்தால் திறந்திருக்கும்.

கடைசியில் எப்போதும் ஃபார்மட். "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்கில்ல?" என்று கேட்பார். யாருக்கும் டி டிரைவ் எங்கே என்று தெரியாது, ஆனாலும் தலையை ஆட்டுவோம். சி டிரைவ் துடைத்து எழுதப்படும். தங்கையின் சடங்குப் படங்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன. டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். "டி-ல போட்டிருக்கணும் அண்ணி" என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். அன்றிலிருந்து அம்மா எந்தப் படத்தையும் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, ஆல்பத்தில் ஒட்டி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறாள். எங்கள் வீட்டில் ஒழுங்காக எடுக்கப்படும் பேக்கப் அது ஒன்றுதான்.

2017 மே 12 வெள்ளிக்கிழமை வானாகிரை வந்தபோது சித்தப்பா டிவி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் முடங்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினில் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் அப்டேட் அனுப்பி அடைத்திருந்தது. சித்தப்பாவோ தான் கை வைத்த அத்தனை மிஷினிலும் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார். "டேட்டாவைத் தின்னும்" என்பது வெளியே சொல்லும் காரணம், விண்டோஸே கள்ளச்சாவி என்பது உள்காரணம். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயதுப் பையன், அந்த வைரஸ் தேடிப்போகும் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இணைய முகவரியைப் பத்துச் சொச்சம் டாலருக்குப் பதிவு செய்ய, அது பரவுவது நின்றது. சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. "ஃபார்மட் பண்ணாமலேயா?" என்று கேட்டார்.

அப்புறம் அவர் மார்க்கெட் இறங்கிவிட்டது. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தானாக அப்டேட் ஆகிறது. மருமகப் பிள்ளைகள் லேப்டாப்பை அவரிடம் காட்டுவதே இல்லை. "சும்மா குடுக்கறதுல என்ன சத்து இருக்கும்?" என்கிறார். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவிலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன என்று சொன்னேன். "கவர்மெண்டா? அப்ப ஆதார் ஜெராக்ஸ் கேப்பானே" என்றார்.

போன மாதம் அவர் போனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சம்பந்தி வீட்டு நம்பரிலிருந்து, வாட்ஸ்அப்பில். படமும் இல்லை, பிடிஎஃபும் இல்லை, ஏபிகே. போனில் ஆப் ஏற்றும் கோப்பு. ஏற்றிவிட்டால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபியை நமக்கு முன் அது படிக்கும். 'தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?' என்று போன் கேட்டது. ஆயுள் முழுக்க 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று தட்டிப் பழகிய விரல் மேலே போய்விட்டது.

"யாருக்குக் கல்யாணம்?" என்றாள் சித்தி.

"திறந்தாத்தானே தெரியும்."

"நேர்ல வந்து தாம்பாளத்துல வெச்சுக் குடுக்காத பத்திரிகை என்ன பத்திரிகை? அவங்க அப்படிப்பட்ட மனுஷாளா? குடுங்க இப்படி." போனைப் பிடுங்கிச் சம்பந்தியம்மாவையே கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பேரன் இரண்டாம் வகுப்பு படிப்பதாகவும், இப்போதைக்குக் கல்யாணம் எதுவும் நிச்சயமாகவில்லை என்றும், காலையிலிருந்து ஊரே போன் செய்து வாழ்த்துவதாகவும் தெரிந்தது. சம்பந்தியின் போன் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. முதலில் பேங்குக்குச் சொல்லுங்கள், 1930-க்குப் போட்டுப் புகார் கொடுங்கள் என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தபோதே, உள்ளேயிருந்து ரெக்சின் பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு சித்தப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம்னு சொல்லு," என்றார். "போன்ல டி டிரைவ் எங்க இருக்குன்னு மட்டும் கேட்டு வை."