எலியாக ஓடப்போகிற பேரனுக்கு

எய்யா, நீ போன்ல கேட்ட சங்கதி வெளங்கிருச்சு. பூனைக்குத் தோல்ல எலி தைக்கணும், அதான? கெணத்துத் தண்ணி எறைக்கிற கமலைக்கூனைக்கு வால்தோல் தச்ச தாத்தன்கிட்ட கேக்கவேண்டிய கேள்விதான். அந்தக் காலத்துல எலி புடிக்கப் பூனை வளத்தோம். நீ பன்னெண்டாம் மாடியில பூனைய வளத்துட்டு எலிக்கு அலையுத.

மொதல்ல தோலப் பாரு. வெட்டுன ஓரம் நீலமா இருந்தா அது குரோம்ல பதம் போட்டது, ஒன் பூட்ஸுக்கு ஆகும். மெல்லுற வாய்க்கு ஆவாரம்பட்டை, கடுக்காயில பதம் பண்ணின தோல்தான் சரி. சாயம் ஏத்தாததா வாங்கு. ஈரத்துணியால தேச்சு, கலர் ஒட்டிச்சுன்னா கடைக்காரன்கிட்டயே குடுத்துட்டு வா.

சட்டை தைக்கிற ஊசியத் தொடாத. தோலுக்குள்ள போகாது, ஒன் விரலுக்குள்ள போகும். குத்தூசியால தொளை போட்டுக்கோ. மெழுகு தடவுன ஒரே நூலு, ரெண்டு முனையிலயும் ஊசி. ஒரே தொளையில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு விட்டு இழு. ஒரு பக்கத்து நூலைப் பூனை கடிச்சு அறுத்தாலும் மறுபக்கத்து நூலு விடாது. கமலை வால் அப்படித்தான் தண்ணிக்குத் தாங்குச்சு.

கண்ணுக்குப் பொத்தான், மீசைக்கு நூலுன்னு சிங்காரிக்காத. பூனை நாக்குல முள்ளெல்லாம் தொண்டையப் பாத்துச் சாஞ்சிருக்கும். வாய்க்குள்ள போன நூலைத் துப்பத் தெரியாது, குடல்ல போயி இழுத்துச் சுருட்டிரும். அப்புறம் நீ எலி தச்ச செலவு ஆஸ்பத்திரியில தெரியும். வாலையும் ஒடம்போட ஒரே தோலா வெட்டிரு, சுண்டுவிரல் நீளம் போதும்.

உள்ள பழைய வேட்டித்துணி. அதோட புதுசாப் புடுங்குன குப்பைமேனி வேரு கொஞ்சம் வச்சு நல்லா மூடித் தை; மோந்து பாக்கத்தான் அது, திங்க இல்ல. அந்தச் செடிக்குப் பூனைவணங்கின்னே ஒரு பேரு உண்டும்யா. நீ பாக்கெட்டுல வாங்குற கேட்னிப்பு வேற செடி, காசும் வேற.

ஒண்ணு மட்டும் சொல்ல மறந்துட்டேன். அசையாத எலியப் பூனை மதிக்காது. கயித்துல கட்டி நீதான் இழுத்துக்கிட்டு ஓடணும், கட்டிலுக்கடியில நொழையணும். ஆபீஸ்ல பெரிய பதவியாம்ல, முட்டி தேயாமப் பாத்துக்கோ. ஆட்டம் முடிஞ்சதும் கயித்த எடுத்து உள்ள வச்சிரு.

மிச்சத் தோலு இருந்தாத் தூரப் போட்ராத. எனக்கு இப்ப ஊசி கோக்கக் கண்ணு தெரியல. செருப்பு வார் பொங்கலுக்கு முன்னால அத்தது, இன்னும் ஊக்கு குத்தித்தான் நடக்கேன்.