பொள்ளாச்சி பஸ் இங்க வராதுங்க

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அக்கா மகள் தன் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். பன்னிரண்டரைக்கு வெள்ளாட்டுக்கறிக் குழம்பும் சோறும் என்பது ஏற்பாடு. இன்றைக்குப் புதன்கிழமை. எனக்கு இன்னும் ஆறவில்லை. குழம்பு அன்றைக்கே ஆறிவிட்டது.

"மாமா, கோ போட்டுட்டேனுங்க. ஆனா இல்லைங்குது."

கோ என்கிற நிரல்மொழியைப் போட்டிருந்தாள்தான். உபுண்டுவில் யூஎஸ்ஆர், அதற்குள் லோக்கல், அதற்குள் கோ என்று வேப்பமரத்தடிப் பிள்ளையார் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. டெர்மினலில் 'கோ வெர்ஷன்' என்று தட்டினால் மட்டும், அப்படி ஒரு கட்டளையே கிடையாது, வேண்டுமானால் இந்த வழியில் புதிதாகப் போட்டுக்கொள் என்று பதில் வருகிறது. இந்த யோசனையைக் கேட்டுத்தானே நம் எல்லார் கணினியிலும் ஒரே சாமான் மூன்று இடத்தில் கிடக்கிறது.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "மாமன் சரவணம்பட்டியில இருவது வருசமா அதத்தான் கண்ணு பண்ணிட்டிருக்கறான். ரண்டு நிமிசத்துல முடிச்சுப்போடுவான்."

"ஒரே வரி அம்மிணி" என்றேன் நானும். கோ எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லிவைக்கிற வரி அது.

அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இறங்கிப் பொள்ளாச்சி பஸ் எங்கே என்று கேட்கிறார். "அது இங்க வராதுங்க" என்கிறார்கள். பஸ் இருக்கிறது, வரிசையாகக் கிளம்பிக்கொண்டும் இருக்கிறது, ஆனால் உக்கடத்தில். அவர் பட்டியலில் உக்கடம் இல்லை. ஆகையால் அவரைப் பொறுத்தவரை பொள்ளாச்சிக்குப் பஸ்ஸே கிடையாது. 'பாத்' என்பது இவ்வளவுதான். எந்தெந்த இடத்தில் போய்த் தேட வேண்டும் என்று முக்காற்புள்ளி போட்டு அடுக்கிய ஒரு பட்டியல், டெர்மினலில் நாம் தட்டுவதைப் படிக்கிற ஷெல்லின் கையில் இருக்கிறது. முதலில் எங்கே அகப்படுகிறதோ அதில் ஏறிவிடும். பட்டியல் தீர்ந்துபோனால் இல்லை என்று கையை விரித்துவிடும்.

நம் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. மதுரைக்குச் சிங்காநல்லூர். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு. ஈரோடு, சேலத்துக்குக் காந்திபுரம். சரி, எந்தக் காந்திபுரம்? டவுன் பஸ் நிற்பது ஒன்று, வெளியூர் பஸ் நிற்பது ஒன்று, அரசு விரைவுப் பேருந்து நிற்கிற திருவள்ளுவர் ஸ்டாண்டு ஒன்று. ரோட்டைத் தாண்டுவதற்குள் போகிற ஊர் மறந்துவிடும். ஆம்னி பஸ் தனிக் கதை. ஆனைமலை மாசாணியம்மனைப் பார்க்கக் கிளம்பிய என் மாமனார் காந்திபுரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, இன்றைக்குப் பஸ் ஓடவில்லை போல என்று வீட்டுக்கு வந்து காப்பி குடித்தவர். அவரை யாரும் குறை சொல்லவில்லை. அம்மனுக்கு இஷ்டமில்லை என்று முடித்துக்கொண்டார்கள். இந்த எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று வெள்ளலூரில் 2020இல் கட்ட ஆரம்பித்தார்கள். பாதிக் கட்டடத்தோடு வேலை நின்றது. பாதி நிறுவியாகிவிட்டது, பாத்தில் சேர்க்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணத்தை நான் எந்தக் கணினியிலும் பார்த்ததில்லை. அதிலும் பாருங்கள், சிங்காநல்லூரில் இறங்கி உக்கடம் போக வேண்டுமென்றால்...

எங்கே விட்டேன்? கோ.

அந்த ஒரு வரியை எந்தக் கோப்பில் எழுதுவது என்பதுதான் வம்பு. புள்ளி ப்ரொஃபைல் என்று ஒன்று, புள்ளி பாஷ்ஆர்சி என்று ஒன்று. முன்னால் புள்ளி இருப்பதால் இரண்டும் கண்ணில் படாது. ப்ரொஃபைல் காலையில் கடை திறக்கும்போது, அதாவது லாகின் செய்யும்போது, ஒரு தடவை படிப்பது. பாஷ்ஆர்சி ஒவ்வொரு தடவை டெர்மினலைத் திறக்கும்போதும் படிப்பது. பாஷ் ப்ரொஃபைல் என்று மூன்றாவதாக ஒன்று இருந்துவிட்டால், உபுண்டுவின் ஷெல்லான பாஷ் முதல் ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நமக்கு ஆர்சி என்றால் வண்டிப் புத்தகம். அவர்களுக்கு, 1960களில் எம்ஐடியில் கட்டளைகளை வரிசையாக ஓட்டிய 'ரன்காம்' என்பதன் மிச்சம். 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லிலேயே இந்தத் தேடல் பட்டியல் உண்டு. பத்து வருடம் கழித்து வந்த பாஷின் பெயரே, போர்ன் மறுபடி பிறந்தார் என்கிற சிலேடை. மறுபிறவி எடுத்தும் கர்மம் தொலையவில்லை.

கோ தளத்தில் சொன்னபடி ப்ரொஃபைலில் எழுதினேன். டெர்மினலை மூடித் திறந்தேன். இல்லை என்றது. மறுபடி மூடித் திறந்தேன். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்; மூன்றாவது தடவையும் செய்வீர்கள், கொஞ்சம் மெதுவாக.

பசி வந்தது. பாஷ்ஆர்சியிலும் எழுதினேன். அவசரத்தில், பழைய பட்டியலைக் கூடவே வைத்துக்கொள் என்பதற்காகப் போட வேண்டிய 'டாலர் பாத்' விட்டுப்போயிற்று. திருப்பூருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு டாலரை மறந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போது கோ வந்துவிட்டது. வேறு எதுவும் இல்லை. கோப்பைத் திறந்து எழுதுகிற 'நானோ' இல்லை. கோப்புகளைக் காட்டுகிற 'எல்எஸ்' கூட இல்லை. 'சிடி' மட்டும் ஓடியது, அது ஷெல்லின் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால். ஒன்றையும் பார்க்க முடியாமல் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம்.

ஆத்திரம் அதில் இல்லை. எல்எஸ் என்று தட்டியதற்கு உபுண்டு சொன்ன பதிலில். எல்எஸ் 'பின்' என்ற இடத்தில் இருக்கிறதாம், யூஎஸ்ஆர் பின்னிலும் இருக்கிறதாம், அந்த இடம் பாத்தில் இல்லாததால் கண்டுபிடிக்க முடியவில்லையாம். இருக்கிற இடத்தை விலாசத்தோடு சொல்லிவிட்டு, அகப்படவில்லை என்கிறவனை என்ன செய்வது? காந்திபுரம் விசாரணைக்காரர்கூட உக்கடத்துக்கு வழி சொல்லி, ஒரு 'ங்க'வும் போட்டுத்தான் அனுப்புவார்.

நானோவை முழு விலாசம் போட்டுக் கூப்பிட்டு, பாஷ்ஆர்சியில் நான் எழுதியதை மட்டும் அழித்து நிமிர்ந்தபோது மணி இரண்டே கால். அக்கா மகள் அதுவரை ஒன்றும் பேசவில்லை.

"மாமா, ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுங்களா?"

பண்ணினாள். கடை திறந்தது, ப்ரொஃபைலைப் படித்தது, கோ வந்துவிட்டது.

"இதுக்கா இருவது வருசம்?" என்றாள் அக்கா, ஆறிய குழம்பைக் கிண்ணத்தோடு எடுத்துவந்து.

அன்றைக்கு ராத்திரி என்னுடைய பாஷ்ஆர்சியைத் திறந்து பார்த்தேன். ஜாவாவுக்கான ஒரே வரி ஏழு தடவை இருந்தது. அதில் இரண்டு, இந்தக் கணினியில் நான் எப்போதுமே வைத்திருக்காத ஜாவாவுக்கு. எங்கிருந்து ஒட்டினேனோ. ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.