அளவு ரவிக்கைப் பிரமாண விசாரம்

ஒரு பொருளை உள்ளபடி அறிவதற்குரிய கருவிகள் யாவை என்று ஆராய்ந்து, பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்னும் நான்கு பிரமாணங்களை வகுத்துத் தந்த நியாய சாஸ்திரிகள், தங்கள் உதாரணங்களுக்குக் குடத்தையும் துணியையும் மலையில் எழும் புகையையும் ஓயாமல் எடுத்தாண்டார்களேயன்றி, அந்தத் துணி வெட்டப்பட்டு ரவிக்கையாகும் தையற்கடைப் பக்கம் ஒருமுறையேனும் எழுந்தருளினார்கள் இல்லை. எழுந்தருளியிருப்பார்களாயின், நான்கு பிரமாணங்களும் ஒரே மேஜையின்மீது ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு கிடப்பதைக் கண்டு திகைத்திருப்பார்கள். விஷயம் அற்பமானதென்று நினைப்பவர்கள், தீபாவளிக்கு முந்தின இரவில் கை ஏறாத புது ரவிக்கையோடு ஒரு குடும்பம் படும் பாட்டைப் பார்த்திராதவர்கள்.

பிரத்தியட்சமாவது இஞ்ச் டேப். அறுபது அங்குல நீளமுள்ள இந்த நாடாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, தோஷமெல்லாம் அளக்கப்படுவோரிடத்தில்தான். நாடா மார்பைச் சுற்றி வந்த மாத்திரத்தில், அதுவரை இயல்பாக நின்றிருந்தவர் முதுகை நிமிர்த்தி, வயிற்றை எக்கி, மூச்சை உள்ளே நிறுத்தி, யோகிகள் வருஷக்கணக்கில் முயன்று அடையும் கும்பக நிலையை அரை நிமிஷத்தில் எய்திவிடுகிறார். ஆகவே புத்தகத்தில் பதிவாகும் 36 அங்குலம், மாவாட்டவும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கவும் போகிற உடம்பின் அளவன்று. அனுபவமுள்ள தையற்கார அம்மாள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நாடாவுக்கு உள்ளே இரண்டு விரலை நுழைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அளவை எழுதுகிறாள்.

அனுமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்புச் சுற்று ஒன்று தெரிந்தால் மற்றவை தாமே விளங்கும் என்பது அதன் சித்தாந்தம்: 36ஐ நான்கால் வகுத்தால் 9, தையலுக்கு விடும் துணி நீங்கலாக முன்பாகத்தில் ஒரு பாதியின் அகலம், பன்னிரண்டால் வகுத்தால் 3, கழுத்தகலம். தையற் பள்ளிகளில் பழுப்புக் காகிதத்தின்மேல் இந்த வாய்ப்பாட்டைக் கொண்டே கோடு இழுக்கக் கற்பிக்கிறார்கள். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் 1863ஆம் வருஷத்தில் அளவு வாரியாகக் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கியதும் இதே துணிவில்தான். ஆனால் அந்நாட்டு விவசாய இலாகா (நெல்லும் சோளமும் அளந்து முடிந்துவிட்டது போலும்!) சுமார் 15,000 ஸ்திரீகளை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் வீதம் எடுத்துப் பார்த்து, 1941ஆம் வருஷத்தில் வெளியிட்ட முடிவோ, மார்பளவை மாத்திரம் நம்பிப் பயனில்லை, உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்ப்பதே மேல் என்பது. வாடிக்கைக்காரர்களிடம் எடை கேட்கும் தையற்கடை நம் ஊரில் எத்தனை நாள் நடக்கும் என்பது வேறு விஷயம்.

நம்மவர்கள் உண்மையில் சரணடைந்திருப்பது உபமானத்தை. அதன் திருநாமம் அளவு ஜாக்கெட். அந்நிய ஆடவர் கையால் அளவெடுக்கப்படுவதில் உள்ள சங்கோசம் இதற்கு முதற்காரணம்; கடை வாசலில் நிற்க நேரமில்லாமை இரண்டாவது காரணம். புதுத் துணிக்குள் சுருட்டி வைத்துக் கொடுக்கப்பட்ட பழைய ரவிக்கையைத் தையற்காரர் மேஜைமேல் விரித்து, கொக்கிகளை மாட்டி, உள்ளங்கையால் நீவி, நெடுக்காக மடித்து, தோள், கைக்குழி, கை உயரம் என்று வரிசையாக அளந்து பில் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, புதுத் துணியின் ஓரத்தில் விரலகலத் துண்டு ஒன்றைக் கத்தரித்து அதே பக்கத்தில் குத்தி வைக்கிறார். இவ்வளவு சிரத்தையும் ரவிக்கையை அளப்பதற்கே. அதை உடுத்தும் ஆளை அவர் கண்டதே இல்லை.

இங்கேதான் சாஸ்திரம் அஞ்சும் அனவஸ்தா தோஷம் தலைகாட்டுகிறது. இன்றைய ரவிக்கைக்கு அளவு போன பொங்கல் ரவிக்கை. அதற்கு அளவு தம்பி கல்யாணத்துக்குத் தைத்தது. அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. பல முறை வெளுத்துச் சுருங்கியதும், பக்கத் தையல் பிரிக்கப்பட்டதும், வலக்கை மட்டும் கால் அங்குலம் இறுக்கமாக அமைந்துவிட்டதும் ஒன்றுவிடாமல் வம்சாவளியாக இறங்கி வருகின்றன. இந்தப் பரம்பரைக்கு மூலமான ரவிக்கை எங்கே என்று தேடினாலோ, அது பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவனிடம் சென்று, எவர்சில்வர் டம்ளராக மறுஜன்மம் எடுத்து நெடுங்காலமாகியிருக்கும். ஆயினும் நான் கண்டவரையில், பிழையுள்ள அளவு ரவிக்கையை யாரும் மாற்றத் துணிவதில்லை. பழகிய இறுக்கம் பழகாத சௌகரியத்தைவிட மேலானது போலும்.

எஞ்சியது சப்தம், அதாவது வாடிக்கைக்காரரின் திருவாக்கு. "அளவு ஜாக்கெட் மாதிரியே இருக்கட்டும் அண்ணே; கை மட்டும் அரை இஞ்ச் கூட வையுங்க, பின்கழுத்து கொஞ்சம் எறக்கம், உடம்பு கொஞ்சம் லூஸ்" என்னும் இவ்வாக்கியத்தில், முதற்பகுதி விதித்ததைப் பிற்பகுதி முழுவதும் நிஷேதிப்பதைக் காண்க. 'கொஞ்சம்' என்பதன் பரிமாணமோ, சொல்பவரைப் பொறுத்துக் கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை விரியும். மகள் கேட்ட இறக்கமும் உடன்வந்த தாயார் கண்ணால் காட்டிய இறக்கமும் வேறானால், துணிக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதைக் கொண்டே தையற்காரர் அர்த்தம் பண்ணுகிறார்.

இந்நான்கும் கைவிட்ட இடத்தில், மீமாம்சகர்கள் தனியே வற்புறுத்திய அர்த்தாபத்தி என்னும் பிரமாணமே ரவிக்கையைக் காக்கிறது. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போகிறான் என்றால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்வதே அதன் பிரசித்தமான உதாரணம். தையற்காரர் தேவதத்தனின் ஆகார நேரத்தை விசாரிப்பதில்லை. பக்கத் தையலின் உட்புறம் ஒன்றரை அங்குலத் துணியை வெட்டாமல் விட்டு, அதில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று தையல் ஓட்டி அனுப்பிவிடுகிறார். வருஷத்துக்கு ஒன்றாக வீட்டிலேயே பிரித்துக்கொள்ளலாம். 80 சென்டிமீட்டர் துணியைக் கொடுத்து முழங்கை வரை கை கேட்பவர்களுக்கு மாத்திரம் இந்தப் பிரமாணம் செல்லாது. அவர்கள் ரவிக்கையைத் திருப்பிப் பார்த்து, உள்ளே ஏன் துணியே விடவில்லை என்று கேட்டால், தையற்காரர் காலால் மெஷினை மிதித்தபடியே, தலை நிமிராமல் சொல்லுகிறார்: "துணி பத்தலைம்மா."